எதிர்வீட்டு வெப்பமானி

"நாப்பத்தொம்பது!" என்று கத்திக்கொண்டே மத்ரியோனா உள்ளே வந்தாள். கதவு திறந்த கையோடு குளிரும் கூடவே புகுந்து அடுப்படிவரை உருண்டது. "கிளம்புங்க, வேலை இருக்கு."

அவள் கணவன் கவ்ரீல் நகரவில்லை. பதினோராவது நாளாக நாற்பத்தொன்பது!

எங்கள் ஊரில் யாரும் 'மைனஸ்' என்று சொல்வதில்லை. அது அக்டோபரிலேயே உதிர்ந்துவிடும். மாஸ்கோக்காரர்கள் இருபதுக்கே நடுங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரிப்போம். ஐம்பதைத் தொட்டால்தான் கட்டட வேலைக்கு விடுமுறை. தொட்டதா என்று தீர்ப்புச் சொல்வது எதிர்வீட்டுச் செவஸ்தியானின் வாசலில் தொங்கும் வெப்பமானி. மேஸ்திரி நிகீத்தா வேறொன்றையும் நம்பமாட்டார்.

செவஸ்தியான் மனைவியை இழந்தவர். வாசலில் நின்று, குளிரில் உதட்டோடு ஒட்டிக்கொள்ளும் இரும்பு மோர்சிங்கை வாசித்துவிட்டு, இரண்டு உதடுகளோடும் வீட்டுக்குள் திரும்பும் ஒரே ஆள். தலைமுடியும் கொட்டாமல் அப்படியே இருந்தது. இதில் எதையும் கவ்ரீலால் மன்னிக்க முடியவில்லை.

"பாத்துட்டு வர ஒரு நிமிஷம் போதாதா? போயி கால் மணி நேரம் ஆச்சு."

"கண்ணாடி மேல பனி. தொடைக்க வேணாமா?"

"கன்னம் ஏன் செவந்திருக்கு?"

"இந்தக் குளிர்ல பின்ன பச்சையாவா இருக்கும்?"

"நேத்து சுட்ட மீன் அடையில ஒண்ணக் காணோமே?"

"தனியா இருக்கிற மனுஷன். குடுத்தேன்."

அந்த 'தனியா' நாள் முழுக்க அவன் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது.

வீட்டிலேயே இருந்து காவல் காப்பதுதான் வழி. போன குளிர்காலத்தில் இருபது நாள் விடுமுறை கிடைத்ததே! அவளுக்காக எவ்வளவு செய்தான்! அலமாரி ஜாடிகளை உயர வரிசைப்படி மாற்றினான். புகைபோக்கியைத் 'திருத்தினான்'. பின்னாலேயே நின்று மாவு பிசையச் சொல்லிக்கொடுத்தான். அவள் கண்கலங்கி நின்றதை அவன் இன்னும் மறக்கவில்லை.

சொந்தமாக ஒரு வெப்பமானி வாங்கி, சமையலறை ஜன்னலுக்கு வெளியே அடித்தான். ஜன்னல் இடுக்கில் கசிந்த சூட்டில் அது நாற்பத்துநான்கு காட்டியது.

"அட, நாப்பத்துநாலுதானா! ரெண்டாவது ஸ்வெட்டர் எதுக்கு?" என்று மத்ரியோனா உருவிக்கொண்டாள்.

மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு மாற்றினான். பலகை இடுக்கில் பசு மூச்சுவிட, முப்பத்தெட்டு. கழுத்துத் துண்டும் போயிற்று.

மூன்றாம் நாள் வெப்பமானியைப் பிடுங்கி வைக்கோலில் எறிந்தான். மறுநாள் மனைவிக்கு முன்பே எழுந்து, செவஸ்தியான் வீட்டுப் பனிக்கட்டி அடுக்குக்குப் பின்னால் பதுங்கினான். குடிதண்ணீருக்காக லேனா ஆற்றில் வெட்டி அடுக்கிய பாளங்கள். ஐந்தே நிமிடத்தில் இடது கண் இமைகள் ஒட்டிக்கொண்டன. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

வாசல் சுவரோரம் மத்ரியோனாவும் செவஸ்தியானும். கன்னத்தோடு கன்னம். இரண்டு பேர் மூச்சும் ஒரே மேகமாக மேலேறியது.

கர்ஜிக்க வாயைத் திறந்தான். மீசை கோட்டுக் கழுத்தின் கம்பளியோடு உறைந்திருந்ததால் "ம்ம்ம்" என்றுதான் வந்தது. பாய்ந்தான். பாளங்கள் சரிந்தன. மீசையில் பாதி கம்பளியோடு போக, குரல் திரும்பியது.

"யோவ்! அடுத்தவன் பொண்டாட்டிகிட்ட உனக்கு என்னய்யா..."

"தம்பி, நான் சொல்றதக் கொஞ்சம் கேளு..."

"ஐயோ, திரும்ப அம்பத்துமூணுக்கு இறங்குது!" என்று மத்ரியோனா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் குனிந்தாள்.

அப்போதுதான் வாசற்படலுக்கு வெளியே தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் நிற்பது தெரிந்தது. முன்னால் நின்றவள் மேஸ்திரியின் மனைவி அகுலினா.

"சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. மத்ரியோனா, உன் முறை இன்னியோட முடிஞ்சுது, நாளையிலருந்து வெப்பமானிய நான் ஊதுறேன். எங்க மேஸ்திரியும் போன வருஷம் இருபது நாளு வீட்ல இருந்து எனக்கு ஒத்தாசை பண்ணாரு!"