மழை ஓவர்சியரின் கையெழுத்து

எங்கள் கரிசல் சீமையில் வானத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஒரே அதிகாரி மழை ஓவர்சியர்தான். மற்ற அதிகாரிகள் எல்லாம் எதிரில் நிற்பவர் கையைப் பார்த்துப் போட்டார்கள்.

நான் அப்போது முனிசிபாலிட்டி ஆபீசில் குமாஸ்தா. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பட்டாசும் தீப்பெட்டியும் ஊரில் காசைக் கொண்டுவந்து கொட்ட, பருத்தி விளைந்த காடெல்லாம் வீட்டு மனையாகிக்கொண்டிருந்தது. கான்ட்ராக்டர்கள் வரிசையாக வீடு கட்டி, வெள்ளையடித்து, வாசலில் மாவிலை கட்டி விற்றார்கள். வீடு ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஓவர்சியர் கையெழுத்துப் போட்டால்தான் வாங்கியவர் குடிபோக முடியும். ஒரு மழையாவது அந்த வீட்டின்மேல் பெய்யாமல் நம் ஆள் பேனாவின் மூடியைக்கூடக் கழற்ற மாட்டார். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அது அவரே போட்டுக்கொண்ட சட்டம்.

மழை பெய்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும். இவர் மட்டும் வெளியே ஓடுவார். ஒரு கையில் குடை, மறு கையில் சைக்கிள். புது வீடு ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டி, வணக்கம்கூடச் சொல்லாமல் அண்ணாந்து தளத்தைப் பார்ப்பார். பால் காய்ச்சும் விசேஷத்துக்கு யாராவது கூப்பிட்டால் இன்னும் கஷ்டம். இலையைப் பார்க்காமல் உத்தரத்தையே பார்த்துச் சாப்பிடுவார். சாம்பார் பாதி சட்டையில் இருக்கும்.

சுவரை நக்கிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் பாதி உப்பு. அதில் சாந்து குழைத்துப் பூசினால் வருஷம் திரும்புவதற்குள் சுவர் உரிந்து கொட்டும். அதனால் பூச்சைச் சுரண்டி நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கான்ட்ராக்டர்கள் சும்மா இருப்பார்களா? ஓவர்சியருக்கு மசக்கை என்று கிளப்பிவிட்டார்கள். அவர் சம்சாரத்திடமே கடைத்தெருவில் யாரோ எத்தனை மாசம் என்று விசாரித்தார்களாம்.

இந்த மழைப் பைத்தியம் பிறக்கும்போதே வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோடையில், பார்க்க லட்சணமாக இருந்த வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஐப்பசி மழையில் அதன் பக்கச் சுவர் கட்டில்மேல் சரிந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போயிருந்ததால் உயிர் பிழைத்தார்கள். நசுங்கிக் கிடந்த அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்தவர்தான். அதற்குப் பிறகு காய்ந்த வானத்தை அவர் நம்பியதில்லை.

இப்படிப்பட்டவரிடம் போய் மாட்டியது யார் என்றால், என் சொந்த அக்கா.

எஸ்தர் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அம்மாவையும் என்னையும் அவள்தான் தூக்கி நிறுத்தினாள். ஆயுளில் சேர்த்த அத்தனையையும் கான்ட்ராக்டர் முத்தையாவிடம் கொடுத்து, ஆமத்தூர் ரோட்டில் அவர் கட்டிய வீட்டைப் பேசி முடித்திருந்தாள். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்காரர், மகன் கல்யாணத்துக்காகத் தீபாவளி முடிந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார். புது வீடோ பளபளவென்று நின்றது. கையெழுத்துதான் பாக்கி. வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை.

எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு முன்னால் மழை கேட்பவன் ஊர் விரோதி. மருந்தும் வெடியும் வெயிலில் காய வேண்டும், ஆர்டர் லோடு ஏற வேண்டும். முத்தையா மழை வேண்டிக் கோயிலில் அபிஷேகம் செய்ததைக் கேள்விப்பட்டு, ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த அவர் மச்சினன் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார். அக்கா கேட்டுக்கொண்டதற்காக எங்கள் சர்ச் ஐயரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மழைக்காக ஜெபித்தார். சபையில் பாதிப்பேர் பட்டாசு வேலைக்காரர்கள். ஆமென் சொன்னது அக்கா ஒருத்திதான்.

முத்தையா லேசுப்பட்டவர் இல்லை. மழைதானே வேண்டும் என்று மாட்டு வண்டிகளில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் கொண்டுவந்து மொட்டை மாடியில் ஊற்றச் சொன்னார். குடிதண்ணீருக்கு நாயாய் அலையும் ஊர். மாடிக் குழாயில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்ததும் தெருப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு வந்து வரிசை கட்டிவிட்டார்கள். ஓவர்சியர் வந்தபோது, குழாயடியில் யார் முதல் என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. தரையில் ஒரு சொட்டுக்கூட ஊற விடவில்லை. இது வீட்டைக் குளிப்பாட்டுவது, மழை ஆகாது என்று ஓவர்சியர் சொல்லிவிட்டார்.

முத்தையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் கட்டிய வீடு கோட்டை மாதிரி என்று தெருவே கேட்கச் சத்தம் போட்டார். ஓவர்சியர் அமைதியாக, "அம்புட்டு நம்பிக்கைன்னா நீங்களே குடிவாங்க. மழை வார வரைக்கும் குடும்பத்தோட இருங்க" என்றார். தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மறுக்க முடியும்? மறுநாளே முத்தையா சம்சாரம் அந்த வீட்டில் பால் காய்ச்சினார்.

அக்கா குடிபோக வேண்டிய வீட்டில் அடுத்தவர் அடுப்பு எரிகிறது. டியூட்டி முடிந்த கையோடு, வெள்ளைச் சேலையோடே ஆபீசுக்கு வந்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஒளுகுனா ஒளுகிட்டுப் போகுது சார். நாங்க பாத்திரம் வச்சுக்கிடுவோம். எங்க அம்மாவத் தெருவுல நிறுத்திராதீக."

ஓவர்சியர் எழுந்து நின்றார். "ஒளுகுனா பாத்திரம் வைக்கலாம் தாயி. விளுந்தா என்னத்த வைப்பீக?" என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் அவர் மேஜைக்கு ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தேன். கூட வேலை பார்ப்பவனின் அக்கா என்றுகூடப் பார்க்காதவர் என்ன மனுஷன்?

தீபாவளி முடிந்தது. கடைசி லோடும் போன மறுநாள், அதுவரை காத்திருந்ததுபோல மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்கப் பெய்து, மறுநாள் மத்தியானம் வரை விடவில்லை. முத்தையா சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். ரசத்தில் ஒரு சொட்டு விழுந்தது. நெய்யாக்கும் என்று பிசைந்திருக்கிறார். அடுத்த சொட்டு வழுக்கைத் தலையில் விழுந்தது. அண்ணாந்து பார்ப்பதற்குள் அடுப்படிச் சுவரில் படார் என்று சத்தம். கரிசல் மண் ஈரத்தில் உப்பினால் பூமியைப் புரட்டும். கெட்டித் தரை வரைக்கும் தோண்டி அஸ்திவாரம் போடாத சுவர் அதன் எதிரில் எத்தனை நேரம் நிற்கும்? மேலிருந்து கீழே வரைக்கும் பிளந்துகொண்டது. பிளவுக்கு அந்தப் பக்கம் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே ஓவர்சியர் முகம்.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டாராம்.

முத்தையாவின் சம்சாரம் இலையை எடுத்துவிட்டார். பிளந்த சுவரைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். "நம்ம மகளுக்குப் பேறுகாலம் பாத்த நர்சுப் பிள்ளைக்கா இதைக் கட்டுனீக?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். முனிசிபாலிட்டி செய்ய முடியாததை அந்தக் கேள்வி செய்தது. அன்று சாயங்காலமே சுவர் கீழே இறங்கிவிட்டது. அஸ்திவாரத்திலிருந்து மறுபடி கட்டுகிற வரையில் நாங்கள் மூன்று பேரும் முத்தையா வீட்டு மாடியில்தான் இருந்தோம். அம்மாவுக்குக் காலையில் காப்பி கொண்டுவந்து கொடுத்தது யாரென்று நினைக்கிறீர்கள்? கான்ட்ராக்டர் முத்தையாவேதான்.

சித்திரையில் கோடை மழை கொட்டியது. புது வீட்டுக்குள் நான், அக்கா, அம்மா மூவரும் தளத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கழுத்து வலித்ததே தவிர ஒரு சொட்டு விழவில்லை. வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ஓவர்சியர் தெருவிலேயே நின்று, "ஒளுகுதா தாயி?" என்று கேட்டார். "ஒளுகலை சார்" என்றாள் அக்கா. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதாள். நான் ஓடிப்போய் அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். அவர் குடைக்கடியிலேயே காகிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். பாதி எழுத்து மழையில் கரைந்துவிட்டது.

அதன் பிறகும் விட்டாரா? ரிட்டயர் ஆன பின்னும், ஒவ்வொரு வருஷமும் முதல் மழைக்குச் சைக்கிளில் வந்து தெருவில் நின்று அதே கேள்வியைக் கேட்பார். காப்பிக்குக் கூப்பிட்டால் இன்னும் நாலு வீடு பாக்கி என்று போய்விடுவார்.

அவர் காலமாகி எத்தனையோ மழை பெய்துவிட்டது. இன்றைக்கும் முதல் மழை விழுந்ததும் எஸ்தர் அக்கா வாசல் கதவைத் திறக்கிறாள். ஆளில்லாத தெருவைப் பார்த்து, "ஒளுகலை சார்" என்று சொல்லிவிட்டுத்தான் சாத்துகிறாள்.