ஒன்பது மணி ஒரு நிமிடத்துப் படையெழுச்சி

வாழி வாசு! ஏ.எஸ்.ராவ் நகரின் ஏறே, ஹெல்மெட் மணிமுடி தரித்த வேந்தே, கச்சிபௌலிவரை நெடுவழியை நாள்தோறும் ஸ்கூட்டரால் உழுது மீளும் உத்தமனே, வாழி! என் கண்மணிகளே, அவன் பொருத திங்கட்கிழமைப் போரைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நெரிசலென்னும் நெடும்பாம்பின் இடுப்பை ஒடிக்க எண்ணி, ஏழு முதல் பத்தரைக்குள் எவரும் எப்போதும் வரலாம், பத்தரை தாண்டினால் மட்டும் அரை நாள் லீவு கழியும் என்று கச்சிபௌலி அலுவலகங்கள் முரசறைந்தன. வாசுவிடம் எஞ்சியதோ ஒரே ஒரு அரை நாள். வெள்ளிக்கிழமை மகள் ஸ்ரேயா பள்ளி மேடையில் மயிலாக ஆடுவதைக் காண, அதை அமுதக் கலசம்போல் காத்து வைத்திருந்தான்.

எட்டு மணிக்கே புறப்படுவேன் என வஞ்சினம் கூறி, வாளனைய சாவியை உருவினான் வீரன். வாசலை மறித்தாள் மனையரசி நீலா.

"ஒம்பது வரைக்கும் ராகு காலம். இத்தனை நாள் வேற வழியில்லாம போனேள். இப்பதான் எப்ப வேணா வரலாம்னுட்டாளே, ஒம்பது ஒண்ணுக்குக் கெளம்புங்கோ."

மதயானையையும் மல்லுக்கழைக்கும் வாசு, சாவியைக் கீழே வைத்து இரண்டாவது காப்பியைக் குடித்தான். காக்கைகள் மட்டும் உலவிய சாலை வெளியே அவனுக்காகக் காத்துக் கிடந்தது, பாவம்.

வந்தது ஒன்பது மணி ஒரு நிமிடம்! கேட்டைத் திறந்தான், அந்தோ, எதிர்வீட்டுக் கேட்டும் திறந்தது, பக்கத்து வீட்டுக் கேட்டும் திறந்தது, தெருவே திறந்தது, ராகுவுக்கு அஞ்சி ஒன்றரை மணி நேரம் அடங்கிக் கிடந்த மாநகரத்தின் பைக் பரிப்படையும் கார்த் தேர்ப்படையும், ஆட்டோவென்னும் மஞ்சள் மதகரிகளும், கம்பெனி பஸ்ஸென்னும் நடமாடும் கோட்டைகளும், ஹாரன்களே சங்குகளாய் முழங்க, மடையுடைத்த வெள்ளமெனப் புரண்டு வந்து, முதல் சிக்னலிலேயே மலையென உறைந்தன.

அருகில் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே, நேர விடுதலைச் சாசனத்தை வகுத்த மதியூகி, வாசுவின் மேலாளர் அனந்தகிருஷ்ணன்.

"ஒம்பது ஒண்ணா?" என்றார்.

"ஹவ் சார், ஒம்பது ஒண்ணேதான். நீங்க?"

"ஆத்துல விடலை."

அங்கே பிரிந்த அவ்விரு வேங்கைகளும் சந்துகளைத் துளைத்து, லாரிகளின் புகைக்கணைகளை மார்பில் ஏற்று, மேம்பாலங்களை மிதித்தேறி, விதியின் வாயிலில் அட்டை தேய்க்கும் கருவியின்முன் ஒருசேர வந்து குதித்தபோது, அது பத்து முப்பத்து நான்கு எனக் கண் சிவந்து நின்றது.

வாசு நீலாவுக்கு போன் போட்டு, வெள்ளிக்கிழமை நீ மட்டும் போய் வீடியோ எடுத்துக்கொண்டு வா என்றான்.