மட்டையைத் தூக்கினால் மூச்சு விடாதீர்கள்

நெருப்பைக் கண்டுபிடித்தபோது மனிதகுலம் பாதி நாகரிகம்தான் அடைந்திருந்தது. மீதிப் பாதி கன்ட்ரி கிளப்பின் கோல்ஃப் மைதானத்தில் கிடைத்தது. அங்கே ஆடப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை, ஒரே ஒரு நாள் போய்வந்த தகுதியில், அதிகாரபூர்வமாகச் சொல்லிவிடுகிறேன்.

சட்டைக்குக் காலர் வேண்டும். கழுத்து இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பெயர்ந்த புல்லை எடுத்த இடத்திலேயே வைத்து மிதித்துவிட வேண்டும். அடுத்தவர் பந்து ஓடும் பாதையில் உங்கள் நிழல்கூட விழக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் மட்டையைத் தூக்கிவிட்டால் மற்றவர்கள் பேசக்கூடாது, அசையக்கூடாது. தும்மல் வந்தால் விழுங்கிவிட வேண்டும்.

இதையெல்லாம் காரிலேயே எனக்குப் பாடம் நடத்தியவர் என் மாப்பிள்ளை. அவருடைய கம்பெனியில் பொது மேலாளர் நாற்காலி காலி. அதில் யாரை உட்கார்த்துவது என்பதை முதலாளி அலுவலகத்தில் தீர்மானிப்பதில்லை. கூட ஆடிப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். நாலாவது ஆள் வராததால் என்னை இழுத்துப்போனார்கள். மகள் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"அப்பா, திருவாயை மட்டும் வீட்லயே வச்சுட்டுப் போங்க. இந்த வேலை கிடைக்கலைன்னா இவர் வருஷம் பூரா பெருமூச்சு விடுவார். நான்தான் கேட்டுக்கிட்டு இருக்கணும்."

மூன்றாவது ஆள் கிளப்பின் செயலாளர். விதிகளை மீறிச் சிரிக்கக்கூட மாட்டார்.

முதலாளி அபாரமாக ஆடினார். பந்து போகாத தூரமெல்லாம் புல் போனது. ஒவ்வோர் அடிக்கும் மாப்பிள்ளை "பிரமாதம் சார்" என்றார். மரத்தில் பட்டு எங்கள் பக்கமே திரும்பி வந்த அடிக்கு இரண்டு தடவை.

வழியில் ஒரு குளம். முதலாளியின் பந்து அதன் விளிம்பில் போய் நின்றது. குளத்துக்கு முதுகைக் காட்டி நின்று மட்டையைத் தூக்கினார். வாகாக இல்லை போலிருக்கிறது. தூக்கிய மட்டையோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம். குதிகாலுக்குக் கீழே தரை முடிந்துவிட்டது.

நான் வாயைத் திறந்தேன். செயலாளர் உதட்டில் விரலை வைத்தார். மாப்பிள்ளையைப் பார்த்தேன், வியர்வைகூட அவர் நெற்றியில் பாதி வழியில் நின்றிருந்தது.

முதலாளி குளத்துக்குள் போனார். மைதானத்தின் கண்ணியத்துக்கு ஒரு கீறலும் இல்லை. மார்பளவுத் தண்ணீரிலும் மட்டை உயர்ந்தே இருந்ததால், அவரைக் கூப்பிடுவது முறையா என்று தயங்கினோம். செயலாளர் முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவைத்தார்: மட்டை பந்தைத் தொடாததால் இது ஓர் 'அடி' ஆகாது. பிறகுதான் கை கொடுத்தோம்.

முதலாளி காதிலிருந்த பாசியை எடுத்துப் போட்டுவிட்டு மாப்பிள்ளையிடம் திரும்பினார்.

"நான் விழப்போறேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

"எப்போ?"

"நீங்க நகர ஆரம்பிச்சப்பவே சார்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"மட்டையைத் தூக்கியிருந்தீங்களே சார்."

எனக்கு இங்கேயே மகளின் புலம்பல் கேட்டது. ஆனால் முதலாளி ஈரக் கையால் அவர் தோளைத் தட்டினார்.

"அந்த நாற்காலியில முன்னாடி இருந்தவர், புதுத் தொழிற்சாலை நஷ்டத்துல போகும்னு நான் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார். பண்பு தெரியாத மனுஷன். நாளையிலேர்ந்து அந்த இடம் உங்களுக்கு."

அந்தத் தொழிற்சாலை என்ன ஆனது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அதற்குள் முதலாளி அதே விளிம்பில் நின்று மறுபடியும் மட்டையைத் தூக்கிவிட்டார். நாகரிகம் முற்றிய நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.