கரியமில வாயுவின் இடது காது

கரியமில வாயுவுக்கு ஒரு காது குறைந்தது.

நடுவில் கறுப்பு உருண்டை, இரு பக்கமும் சிவப்பு உருண்டை. கறுப்பைப் பின்னி முடித்து, ஒரு சிவப்பையும் ஒப்பேற்றி, இரண்டாவதில் பாதி போகும்போது ரொவீனாவிடம் சிவப்பு நூல் தீர்ந்துபோயிற்று.

"ஒத்தக் காதோட விட்டா என்ன? பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றான் அவள் கணவன் டெல்ஃபின்.

"ஒண்ணு குறைஞ்சா அது கார்பன் மோனாக்சைடு. ஆளையே கொன்னுடும்."

டெல்ஃபின் அதைப் பதமாக மேசைமேல் வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ரொவீனா பிலிப்பைன்ஸின் மலை நகரமான பாகியோவில் வேதியியல் டீச்சர். பள்ளி வாசலை ஒட்டினாற்போல், ஷேர் வண்டிகளாக ஓடும் ஜீப்னிகளின் நிலையம். பதினெட்டு வண்டிகள் எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்கும். புகை நேராக எட்டாம் வகுப்பு ஜன்னலுக்குள் வரும். லியானா என்ற பெண் இந்த வருஷம் மட்டும் மூச்சிரைப்பால் நாற்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. போன மாதம் வார்டு மன்றத்தில் ரொவீனா புள்ளிவிவரங்கள், படங்களோடு பேசினாள். ஏழு உறுப்பினர்களில் நாலு பேர் கண்ணயர்ந்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை இன்னொரு பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். இந்தத் தடவை புகையையே கம்பளியில் பின்னி ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிடுவதென்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

ஒரே இடைஞ்சல், அவளுக்குப் பின்ன வராது. பெண்கள் நடந்துகொண்டே ஸ்வெட்டர் பின்னுகிற ஊர் அது. ரொவீனா பின்னினால் சதுரம் முக்கோணமாகும்.

மறுநாள் சந்தைக்குப் போனாள். டெல்ஃபினின் அக்கா மார்செலினாவுக்கு அங்கே கம்பளிக் கடை. அவள் புருஷன் அந்த நிலையத்தில்தான் ஜீப்னி ஓட்டுகிறார். அன்றைக்குக் கடையின் மூலையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

"அக்கா, செவப்பு நூல் ஒரு கண்டு குடுங்க."

"செவப்பு இல்ல" என்றாள், சிவப்பு நூல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மார்செலினா.

"நீங்க உக்காந்திருக்கிறது என்னக்கா?"

"அது மெத்தை. எங்க அடுப்புல தண்ணி ஊத்துறதுக்கு நானே நூல் தரணுமாடீ? நல்லா இருக்கே நியாயம்."

பக்கத்துக் கடைகளிலும் அதே பதில். எல்லாருமே டிரைவர் வீட்டுப் பெண்கள்.

ரொவீனா வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தாள். டெல்ஃபினின் சிவப்பு ஸ்வெட்டர் கண்ணில் பட்டது. அரைமணியில் அது நூலாகிவிட்டது. ஆனால் பிரித்த நூல் சேமியா மாதிரி சுருண்டு நின்றது. அதில் பின்னிய ஆக்சிஜன் காலிஃபிளவராக வந்தது. வெந்நீரில் போட்டால் சுருள் நிமிருமென்று, பின்னி வைத்த மற்ற வாயுக்களையும் சேர்த்தே பானையில் அமுக்கினாள்.

சாயம் போயிற்று. சிவப்பு வெளிறியது. நைட்ரஜன் உருண்டையின் நீலம் ஊதாவாயிற்று. எல்லாம் சுருங்கி எலுமிச்சங்காய் அளவுக்கு வந்தன.

"ஊதா கூட அழகாத்தான் இருக்கு" என்றான் டெல்ஃபின். ஸ்வெட்டர் விஷயம் அவனுக்கு இன்னும் தெரியாது.

"ஊதான்னா அயோடின். ஜீப்னிப் புகையில அயோடின் வருதுன்னு சொன்னா என் பசங்களே சிரிப்பாங்க."

"அப்ப விட்டுடேன் ரொவீனா. படம் வரைஞ்சு காட்டு."

"படத்தப் பாத்துத்தான போன தடவ தூங்கினாங்க."

ஸ்வெட்டரில் மிச்சமிருந்த நூலை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அடுப்படியிலும், பஸ்ஸிலும், தேர்வறைக் காவலிலும் பின்னினாள். விரல் நுனியெல்லாம் புண். நைட்ரஜன் டை ஆக்சைடின் இரண்டு கைகளும் அளவாக வளைந்து நிற்க வேண்டும். அவை கழுத்தறுத்த கோழியாகத் தொங்கின. இறைச்சி சுடும் மூங்கில் குச்சியை உள்ளே செருகினாள். நின்றது. குச்சி முனை மட்டும் மறுபக்கம் வெளியே எட்டிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை மன்றம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் டிரைவர்கள், ஒரு பக்கம் பெற்றோர். முன் வரிசையில் மார்செலினா. ரொவீனா உருண்டைகளை உறுப்பினர்களுக்குக் கொடுத்தாள். மன்றத் தலைவரை ஊரே கேப்டன் என்றுதான் கூப்பிடும். அவர் நைட்ரஜன் டை ஆக்சைடை வாங்கிய வேகத்தில் 'ஸ்' என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"இதென்ன டீச்சர், குத்துது?"

"நுரையீரலையும் அப்படித்தான் குத்தும் கேப்டன்."

டிரைவர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அந்த நேரம் பார்த்து கரியமில வாயுவின் இடது காது கழன்று, உருண்டு, மேசைக்கடியில் போயிற்று. சிரிப்பு கூரையைத் தொட்டது. ரொவீனாவுக்குக் காது மடல் சூடாயிற்று. ஆனாலும் அவள் குனியவில்லை.

"காது போனதும் இது வேற வாயு. எஞ்சின் சரியா எரியலைன்னா வர்றது. நெறமில்ல, வாசமில்ல. தலைவலின்னு எம்புள்ளைங்க டெஸ்க்குல சாயுறது இதனாலதான். லியானா நாப்பது நாள் பள்ளிக்கூடம் வரல. அவ இடத்துக்கு நேரா இருக்கிற ஜன்னலை நான் எத்தனை தரம் சாத்துவேன்?"

மார்செலினா எழுந்தாள். கேப்டனிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னாள். ஒரு நைட்ரஜனை எடுத்து அதன் பின்னலை விரலால் தொட்டுக் காட்டினாள். போட்டுக்கொடுக்கிறாள் என்றுதான் ரொவீனா நினைத்தாள். இருந்தும் கடைசி நிமிஷம்வரை பேசி முடித்துவிட்டே உட்கார்ந்தாள்.

கேப்டன் பக்கத்திலிருந்தவரிடம் பேசினார். அவர் அடுத்தவரிடம். உருண்டைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. யாரும் தூங்கவில்லை. ஓர் அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஏழு கைகளும் ஒன்றாக உயர்ந்தன. திங்கள் முதல் ஜீப்னி நிலையம் ஆற்றங்கரை மைதானத்துக்குப் போகும்.

ரொவீனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேதியியல் ஜெயித்துவிட்டது. எளிமையாகச் சொன்னால் யாருக்கும் புரியும் என்று இத்தனை வருஷமாக அவள் சொன்னது பொய்யில்லை. வாசலில் மார்செலினா அவளைப் பார்க்காத மாதிரி, இருமுகிற புருஷனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

மன்றத்து எழுத்தர் ஃபெலிஸா ஓடிவந்து ரொவீனாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு காலத்துல இந்த ஊர்லயே உங்கள மாதிரிப் பின்ன ஆளில்லையாமே டீச்சர்? இந்தப் புகைதான் கையையும் கண்ணையும் இப்படி ஆக்கிடுச்சுன்னு உங்க நாத்தனார் சொன்னதும், கேப்டனே அழுதுட்டாரு."