ஒரு சொட்டும் விழாத படகு

சொட்டுகிற எதைப் பார்த்தாலும் இறுக்கிவிடத் துடிக்கும் வியாதி இளவயதில் எனக்கு இருந்தது. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் எங்கள் ஃபோர்மேன் அதன் பூர்வோத்தரம் வரை விசாரிப்பார். அங்கே இரண்டு வருடம் ஸ்பேனர் பிடித்த தைரியத்தில், உலகத்து இயந்திரங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (கடலோடிக் குடும்பம்தான். அப்பா காலத்திலேயே ரயிலுக்கு மாறிவிட்டதால், கடலில் முழங்காலுக்கு மேல் நான் நனைந்ததில்லை.)

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். ராயபுரத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் மரகதம். அவள் அப்பா ஏழுமலை, தன் பாய்மரப் படகில், யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த என்ஜின் ஒன்றைப் பொருத்தியிருந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைவிட அந்த என்ஜினைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். படகின் பின்னால் விசிறியைச் சுழற்றும் சாஃப்ட் கடகடவென்று ஆடுகிறதாம். அது வெளியே போகும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறதாம். தினமும் விடிந்ததும் அந்தத் தண்ணீரை இறைப்பது மரகதம்தான் என்று அவள் அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். காபி டம்ளர் நீட்டியபோதே அவள் உள்ளங்கை காய்த்துப்போயிருந்ததைப் பார்த்திருந்தேன். யாரும் கேட்காமலே, நான் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். சாஃப்டை உருவினேன். குழாயின் வெளிமுனையில் அதைத் தாங்கும் பேரிங் தேய்ந்து, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அளவெடுத்துப் போய், அதற்குப் பதில் புஷ் என்கிற பித்தளை உறை ஒன்றைப் புதிதாகக் கடைந்து வந்து பொருத்தினேன். இதுவரைக்கும் வேலை சுத்தம். (இன்றுவரை இதை யாரும் மறுத்ததில்லை.)

குழாயின் உள்முனையில் கிரீஸில் ஊறிய சணல் திரியைச் சாஃப்டைச் சுற்றித் திணித்து, மேலே ஒரு வளையம் வைத்து நட்டுகளை முடுக்க வேண்டும். முடுக்கினேன். படகைத் தண்ணீரில் தள்ளியதும் அந்த இடத்தில் சொட்டு சொட்டாக விழுந்தது. எனக்கு மானம் போனது போல் இருந்தது. இன்னும் இறுக்கினேன். சொட்டு நின்றது. நின்ற பிறகும் பலம் கொண்டமட்டும் இன்னொரு சுற்று இறுக்கினேன்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த மரகதம் தன் அப்பாவிடம் சொன்னாள்: “நைனா, ஒரு சொட்டாவது வுழணும். இல்லாங்காட்டி சூடேறிப் பூடும்னு என்ஜினு மாட்டுன ஆளு சொல்லிக்கீறாரு.”

(மாப்பிள்ளையாகப் போகிறவனிடம் நேரே பேசக்கூடாது. அப்பாவிடம் சொன்னால் அவனுக்குக் கேட்கும்.)

நானும் அவள் அப்பாவிடமே பதில் சொன்னேன். “எங்க பட்டறையில சொட்டுச்சுன்னா ரிப்பேர் ஆவலன்னு அர்த்தம் மாமா.”

மறுநாள் எண்ணூரில் இருந்த மரகதத்தின் பெரியம்மா வீட்டில் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. என் கைவேலையைக் கொண்டாட இரண்டு குடும்பமும் படகிலேயே கிளம்பியது. பெண்கள் உட்கார இடம் வேண்டுமே, என்ஜின் இருக்கும்போது பாய் எதற்கு என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லி, பாயைக் கழற்றிக் கரையில் போட வைத்தவனும் நான்தான். அந்த இடத்தில் சிவப்பும் நீலமுமாக ஒரு ஜமுக்காளம் விரித்தோம்.

திருவொற்றியூருக்கு நேரே போகும்போது ஏதோ கருகும் வாசனை. யாரோ சாம்பிராணி போடுகிறார்கள் என்று என் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த நிமிடம் கிறீச்சென்று ஒரு சத்தம். சாஃப்ட் இறுகிக்கொண்டது, என்ஜின் நின்றது. குழாயைத் தொட்டேன், விரல் பொத்துப்போனது.

என் தாய்மாமன் முந்திக்கொண்டார். பழைய குழாய், அவர்கள் பொருள் சரியில்லை, பையன் என்ன செய்வான் என்றார். தப்பிக்க நல்ல வழி. என் தலை பாதி ஆடியும்விட்டது. அதற்குள் மரகதம் தகர டின்னால் கடல் தண்ணீரை மொண்டு குழாய்மேல் ஊற்ற ஆரம்பித்திருந்தாள். அதே கைகள். எனக்கு வெட்கமாக இருந்தது.

“கொழா மேல தப்பு இல்ல மாமா,” என்றேன் ஏழுமலையிடம். “உங்க பொண்ணு சொன்னதுதான் சரி. நான்தான் இறுக்கித் தொலைச்சேன்.”

அவர் எல்லோரையும் எழுந்திருக்கச் சொல்லி ஜமுக்காளத்தை உருவினார், மரத்தில் ஏற்றிக் கட்டினார். நல்லவேளையாகத் தென்காற்று வீசிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுக் கூடம் மிதந்து வருவது போல் நாங்கள் எண்ணூர் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் தாண்டிவிட்டது. சகுனம் சரியில்லை என்று என் அம்மாவே முணுமுணுத்தார். சம்பந்தம் அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஏழுமலை மகளைப் பார்த்தார். “நீ இன்னாம்மா சொல்ற?”

அவள் முதல்முறையாக என்னிடம் நேரே கேட்டாள். “ஏன் அம்மாம் இறுக்குனீங்க?”

“இனிமே நீ தண்ணி எறைக்கக் கூடாதுன்னுதான்.”

சற்று நேரம் என் பொத்துப்போன விரலையே பார்த்தாள். பிறகு திரும்பி, “நைனா, தட்ட மாத்திக்குங்க,” என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால் என்னை யாரும் ஸ்பேனரைத் தொட விடுவதில்லை. அதுகூடப் பரவாயில்லை. எங்கள் மகள் கல்யாணம் முடிந்து புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, சம்பந்தி வீட்டார் முன்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தேன். மரகதம் பக்கத்தில் வந்து, எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னாள்:

“ஒரு சொட்டாவது வுடுங்க. இறுக்கினா சூடேறிப் பூடும்.”