சூரியன் மேல் குற்றம் சொன்னவர்

அட்டவணைக்காரர் என்றோர் இனம் உண்டு. காகிதத்தில் இருப்பதும் கண்ணெதிரே இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால், கொஞ்சமும் தயங்காமல் கண்ணெதிரே இருப்பதைக் கடிந்துகொள்பவர்கள் இவர்கள். பாக்தாதின் காகிதக் கடைத் தெருவில் தடுக்கி விழுந்தால் இவர்களில் ஒருவர் மேல்தான் விழவேண்டும்.

எங்கள் அபூ கஸ்ஸான் அந்த இனத்தின் திலகம். எந்த நாளில் சூரியன் எங்கே நிற்கும் என்று யவனர்கள் என்றைக்கோ எழுதிவைத்த வான அட்டவணை, சிரியாக்காரர் பேச்சில் கொஞ்ச காலம் தங்கி, பிறகு அரபியில் வந்து இறங்கியதல்லவா? அதற்கு உரை எழுதினார், அந்த உரைக்கு உரை எழுதினார், இப்போது உரையின் உரையைப் படிப்பவர்கள் எங்கெங்கே தடுமாறுவார்கள் என்று தனியாக ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். வானத்தைப் பார்த்தாரா? அதற்கு நேரம் ஏது?

"வெயில் ஏறிடுச்சு, கம்பளியை மடிச்சு வெச்சிடட்டுமா?" என்றாள் மனைவி ரய்யா.

"வசந்தம் இன்னும் வரலை. அட்டவணையைப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"அப்ப உங்க நெத்தியில வழியறது யாரு வேர்வை?"

இந்தச் சமயம் பார்த்து அவருடைய பழைய மாணவர் நவ்ஃபல் ஒரு வம்பை இழுத்துவிட்டார். ஆற்றங்கரைத் தோட்டத்தில் பெரிய வெண்கல வளையம் ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, அதன் மேல்பாதியின் நிழல் கீழ்ப்பாதியின் நடுவில் விழும் நாளே பகலும் இரவும் சமமாகி வசந்தம் பிறக்கும் நாள் என்று வருஷா வருஷம் பார்த்துவந்தார். அந்த நாள் அட்டவணை சொல்வதற்குச் சில நாள் முன்னதாகவே வந்துவிடுகிறதாம்.

அபூ கஸ்ஸான் வளையம் கோணல் என்றார். நூல்குண்டு கட்டி நிமிர்த்தினார்கள். தரை கோணல் என்றார். தண்ணீர் ஊற்றிச் சமன் செய்தார்கள். பாக்தாத் மண்ணே ஒரு பக்கம் சாய்ந்தது என்றார்.

"மத்ததெல்லாம் சரிபண்ணிட்டேன் ஷேக். ஊரை மட்டும் என்னால நிமித்த முடியலை" என்றார் நவ்ஃபல்.

எங்கள் ஊரில் வீடு விற்றாலும் சாட்சிக் கையெழுத்து, சூரியனை அளந்தாலும் சாட்சிக் கையெழுத்து. அந்த வசந்தத்தில் ஊர் நீதிபதி காஜியார் தலைமையில் அறிஞர்கள் வளையத்தைச் சுற்றி நின்றார்கள். அபூ கஸ்ஸானும் சாட்சி. கண்டதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால், ஆயுள் முழுக்க எழுதிய உரைகளெல்லாம் கொண்டைக்கடலை மடிக்கப் போய்விடும். காணவில்லை என்றால் பொய்ச்சாட்சி; அப்புறம் இந்த ஊரில் எவனும் அவர் பேச்சை எடுத்துக்கொள்ளமாட்டான். மனிதர் என்ன செய்வார், பாவம்?

உச்சிவேளையில் நிழல் நகர்ந்து வளையத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அபூ கஸ்ஸான் முதுகைத் திருப்பிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஷேக், என்ன பாத்தீங்க?"

"அட்டவணையைப் பாத்தேன், காஜியாரே."

"நான் நிழலைக் கேட்டேன்."

"நிழல் இன்னைக்கு அங்க விழக் கூடாது."

"விழுந்திருக்கா, இல்லையா? அல்லாவுக்குப் பயந்து சொல்லுங்க."

அவர் திரும்பினார். வெகுநேரம் பார்த்தார். புத்தகத்தை மூடினார்.

"விழுந்திருக்கு" என்றார் மெல்ல. பிறகு குரலை உயர்த்தி, "ஆனா சூரியன் பண்ணினது தப்பு!" என்றார்.

காஜியார் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அபூ கஸ்ஸான் கையெழுத்துப் போட்டார்.

அன்றோடு அவர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நவ்ஃபல் புதிய அட்டவணை ஒன்றை எழுதி வெளியிட்டார். அதற்கு முதல் உரை எழுதியவர் யார்? நம்மவர்தான்! அந்த உரை தெருவெல்லாம் விற்றுக்கொண்டிருந்தபோது நவ்ஃபல் அவசரமாக அவர் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"ஷேக், ஒரு இடத்துல கணக்குத் தப்பிட்டேன். இந்த வருஷம் மறுபடி அளந்து பாத்தேன். மாத்தணும்."

"மாத்தறதா? நவ்ஃபலோட அட்டவணையில கை வைக்க நீ யாருடா?"

சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த மாதிரி இல்லை, நிழலின் பக்கம். சரி, பகலும் இரவும் சமமாகும் நாளில் ஒரு குச்சியாவது நட்டுப் பார்த்தீர்களா? இல்லை. நான் எழுதினேன், நீங்கள் நம்பிவிட்டீர்கள்.