எட்டுக்கண்ணர் வீட்டு ஊமைப் படம்

வாசல் மணி அடிக்கிறது. அவர் கதவிலிருந்து ஒரு கை தூரத்தில்தான் நிற்கிறார். தாழ்ப்பாளை விலக்கினால் வேலை முடிந்தது. விலக்கமாட்டார். சட்டைப்பையிலிருந்து போனை எடுப்பார். சட்டை நுனியால் திரையை இரண்டு இழுப்பு துடைப்பார். கட்டைவிரலை வைத்துத் திறப்பார். வட்டம் ஒன்று சுழலும். சுழன்று முடியட்டும் என்று தவசி மாதிரி நிற்பார். படம் வந்ததும் இரண்டு விரலால் மொட்டைப் பிரிப்பதுபோலப் பிரித்து, வந்திருப்பவரின் உச்சந்தலையை உற்றுப் பார்ப்பார். அதற்கப்புறம்தான், மூடிய கதவைப் பார்த்து, "யாரு?" என்பார்.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். தெருவுக்கு ஒருவர் நிச்சயம். பெரிய தெருவானால் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் படம் பிடித்துக்கொண்டு. நேரலைவாசிகள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வரி ரசீதில் இவர்கள் வீட்டில் குடியிருப்பதாகப் போட்டிருக்கும். உண்மையில் குடியிருப்பது போனில்.

நம்முடையவருக்குத் தெரு வைத்த பெயர் எட்டுக்கண்ணர். எட்டுக் கண்ணும் விட்டெரிய வாழ்கிறவர் என்று சிலரைப் பெருமையாகச் சொல்வதுண்டு. இவர் அந்த எட்டையும் கடையில் வாங்கிவந்து ஆணியடித்து மாட்டியிருந்தார்.

ஒரே ஒரு சிக்கல். போனில் வரும் படம் நடப்புக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். கூரியர்காரர் மணியடித்து, காத்திருந்து, அலுத்து, பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எட்டுக்கண்ணர் கதவைத் திறந்தார். வாசலில் ஆள் இல்லை. போனில் ஆள் இருக்கிறார், மணிகூட அடிக்கிறார். எதை நம்புவது? அதில் என்ன சந்தேகம்? வெறுங்காற்றைப் பார்த்து, "கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டார் எட்டுக்கண்ணர்.

கேமரா உயரத்தில் இருப்பதால் ஊரில் எல்லாரையும் அவருக்கு மேலிருந்துதான் பழக்கம். தெருவில் எதிரே வந்து முகத்துக்கு முகம் வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். அதே மனிதர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தால் போதும், "அட, நீங்களா" என்று முகம் மலர்ந்து விசாரிப்பார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் வழுக்கை எந்தப் பக்கமாகப் பரவுகிறது என்பது வாத்தியாரைவிட இவருக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாம் ஒரு செருப்பில் ஆரம்பித்தது. ஒற்றைச் செருப்பு, இடது கால். ஒரு காலை வாசலில் அதைக் காணவில்லை. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றார் வீட்டம்மா. எட்டுக்கண்ணர், அன்றைக்கு வெறும் இரண்டு கண்ணர்தான், நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ஆதாரம்?"

ஆதாரத்துக்காக வாசலில் முதல் கேமரா வந்தது. அதை யாராவது கழற்றிக்கொண்டு போய்விட்டால்? அதைப் பார்க்க இரண்டாவது. இரண்டாவதின் முதுகு யார் பொறுப்பு? மூன்றாவது. இப்படியே மாடிப்படி, மொட்டைமாடி, சமையலறை என்று குடும்பம் பெருகி, எல்லாப் படமும் போய்ச் சேரும் ரெக்கார்டர் பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டி, அந்த அலமாரியைப் பார்க்கவும் ஒன்று மாட்டினார். அலமாரியைப் பார்க்கும் கேமராவின் படம் எங்கே பதிவாகும்? அதே பெட்டிக்குள்தான். திருடன் பெட்டியைத் தூக்கும்போது, தான் தூக்கப்படுவதைத் தானே படம் பிடித்து, அதையும் அவன் கையிலேயே கொடுத்துவிடும் பெட்டி. வீட்டம்மா இதை ஒருமுறை கேட்டார். "உனக்கு டெக்னிக்கலாப் புரியாது" என்று பதில் வந்தது.

கூடத்தில் மாட்டியது எட்டாவது கேமரா. அப்போதுதான் கேமராக்காரருக்கும் இவருக்கும் தகராறு. எதிர்மூலையில் மாட்டினால் கூடம் முழுக்கத் தெரியும் என்று கேமராக்காரர் ஏணியைக் கொண்டுபோய்ச் சாத்திவிட்டார். எட்டுக்கண்ணர் விடவில்லை. தான் உட்காரும் சோபாவுக்கு நேர் மேலே, சுவரில்தான் மாட்ட வேண்டும்.

"சோபா தெரியாது சார். அதோட காலடி அதுக்குத் தெரியாது."

"தெரிய வேணாம். என்னை நானே எதுக்குப் பாக்கணும், நான் என்ன திருடனா?"

விளக்குக்கடியில் இருட்டு என்பார்கள். கேமராவுக்கடியில் எட்டுக்கண்ணர்.

மாட்டினால் முடிந்ததா? எட்டுக் குழந்தை பெற்ற வீட்டில் தினம் ஒன்றுக்குச் சளி பிடிப்பதுபோல, எட்டில் ஒன்று எப்போதும் படுத்திருக்கும். ஒன்றில் படம் கோடுகோடாக ஓடும். ஒன்றில் திரை கறுத்து, 'சிக்னல் இல்லை' என்ற சொற்கள் மட்டும் மூலைக்கு மூலை மிதக்கும். கேமராக்காரரைக் கூப்பிட்டால் அவர் எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான் சொல்வார்: "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." ஆகவே எட்டுக்கண்ணரே ஏணியில் ஏறினார். வயரை ஆட்டினார், அடாப்டரை மாற்றினார், லென்ஸில் ஊதித் துடைத்தார், சரியாகத் தெரிகிறதா என்று அதற்குள் எட்டிப் பார்த்தார். அதனால் பதிவுகளை ஓட்டிப் பார்த்தால் திரை நிறைய அவருடைய மூக்குத் துவாரம். அந்த வீட்டில் சந்தேகத்துக்கிடமான முறையில் நடமாடிய ஒரே ஆள் அவர்தான். இரண்டாவதாக ஒரு சிலந்தி. அது லென்ஸின் மேல் நடக்கும்போதெல்லாம் 'ஆள் நடமாட்டம்' என்று போன் அலறும்; இவரும் ஒவ்வொரு முறையும் கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவார்.

வீட்டம்மா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். பால் பொங்கிய அன்று மட்டும் ஆடிப்போய்விட்டார். அவர் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். கீழே சோபாவில் இருந்தபடி எட்டுக்கண்ணர் போன் போட்டு, பால் பொங்கப் போகிறது, சீக்கிரம் வா என்கிறார். அந்த அம்மாள் ஈரத்துணியோடு படியிறங்கி, சோபாவைத் தாண்டி, சோபாவில் நீண்டிருந்த காலையும் தாண்டி ஓடிப் போனால், அடுப்பும் அணைந்து மேடையெல்லாம் பால். எட்டுக்கண்ணர் போனைத் தூக்கிக் காட்டி, இன்னும் பொங்கவில்லை பார் என்று வாதாடினார். படத்தில் அப்போதுதான் நுரை கட்டிக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த வாரம் அது நடந்தது. எட்டுக்கண்ணர் போனில் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டம்மா கையில் பையோடு வந்து கூடத்தின் நடுவில் நின்றார். கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னார். சற்று நின்றார். மறுபடியும் ஏதோ சொன்னார், நின்றார், ஒரு பெருமூச்சு விட்டார், பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அது மைக் இல்லாத மாடல், குரல் பதிவாகாது. படத்தின் துல்லியத்தை மெச்சிக்கொண்டிருந்த எட்டுக்கண்ணர், இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வராதபோதுதான் காட்சியின் பொருளை யோசிக்கத் தொடங்கினார்.

மறுநாள் மச்சினன் வந்தான். மருந்துக்கடையில் வேலை, யாருடைய கிறுக்கெழுத்தையும் படித்துவிடும் பொறுமைசாலி. அக்கா தங்கள் பெரியக்கா வீட்டில் இருப்பதாகவும், போன் போட்டால் எடுக்கமாட்டார் என்றும் சொல்லிவிட்டு, கொடுத்தனுப்பிய சேதியைப் பிசகாமல் ஒப்பித்தான்.

"'அன்னைக்கு நான் என்ன கேட்டேன்னு அவர் சொல்லட்டும். அடுத்த பஸ்ஸுல வந்துடறேன். சொல்ல முடியலன்னா, அந்த எட்டு கூடவே குடும்பம் நடத்தட்டும்.' இவ்வளவுதான் மாமா."

"அவ கேமராகிட்டல்ல கேட்டா. அதுல மைக் இல்லயே மாப்ள."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"எங்கேருந்து?"

"போன்லேருந்து" என்றார் எட்டுக்கண்ணர்.

கோபக்காரியாக இருந்தால் சமாதானப்படுத்திவிடலாம். வீட்டம்மா கோபக்காரி இல்லை. சொன்னால் சொன்னதுதான். அது எட்டுக்கண்ணருக்குத் தெரியும். அந்த ஊமைப் படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் உதடு படிக்கக் கிளம்பினார்.

கணக்கு வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சந்தேகமே இல்லை, உங்கள் வாசல் கேமரா எதிர்வீட்டுக் கேட்டைப் பார்க்கிறது, அதைத் திருப்புங்கள் என்றுதான் அம்மாள் சொல்கிறார் என்றார். கேமராக்காரர், உதடு 'மாத்து' என்பதுபோலக் குவிகிறது, மைக் வைத்த மாடலுக்கு மாற்றச் சொல்கிறார் என்று தீர்ப்பளித்தார். போகும்போது, பழக்கதோஷத்தில், ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்க்கச் சொன்னார். எதை என்று எட்டுக்கண்ணரும் கேட்கவில்லை. அலுவலகத்தில் மேலதிகாரி முழுப் படத்தையும் பார்க்காமலே, லீவு கேட்கிற உதடு எனக்குத் தெரியாதா என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாளெல்லாம் வாயையே பார்க்கிறவர் யார்? பல் மருத்துவர். எட்டுக்கண்ணர் டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, கன்னம் வீங்கிய கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய், வாயைத் திறக்காமல் போனைத் திறந்தார். மருத்துவர் படத்தைப் பெரிதாக்கி, நிறுத்தி, ஓட்டி, மறுபடி நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். எட்டுக்கண்ணர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கீழ்க் கடைவாய்ல ஒரு பல்லு சொத்தையாயிட்டு வருது. அடைச்சுடலாம். கூட்டிட்டு வாங்க."

"அதுக்குத்தான் டாக்டர் அலையறேன்" என்றார் எட்டுக்கண்ணர்.

கடைசியில் அவருக்கே ஒரு யோசனை உதித்தது. காவல்துறை செய்யாதா, குற்றம் நடந்த இடத்தில் மறுபடி நடித்துக் காட்டச் சொல்வது? வீட்டம்மா நின்ற அதே இடத்தில் மச்சினனை நிறுத்தி, முகம் அதே மாதிரி தெரியும்போது வாயசைத்துப் பார்த்தால் சொல் அகப்படும். மச்சினனும் கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து, கையில் ஒரு பையோடு கூடத்தின் நடுவில் நின்றான். உள்ளறையில் ரெக்கார்டரின் பெரிய திரைக்கு முன்னால் எட்டுக்கண்ணர். ஒரு பாதியில் அக்கா, உறைந்து. மறுபாதியில் தம்பி, உயிரோடு.

"கேமராவப் பாரு மாப்ள."

"பாத்துட்டேன் மாமா."

ஒத்துவரவில்லை. தம்பியின் பார்வை மேலே ஏறியிருந்தது. அக்காவின் பார்வை அவ்வளவு உயரத்தில் இல்லை. எட்டுக்கண்ணர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் எறக்கு."

இறக்கினான்.

"இன்னும். இன்னும் கீழ. இன்னுங் கொஞ்சம்."

மச்சினனின் கண்கள் சுவர் வழியாக இறங்கி, இறங்கி, ஓரிடத்தில் அக்காவின் கண்களோடு அச்சாகப் பொருந்தின.

"அங்கேயே நிறுத்து. அசையாத. இப்ப எதப் பாக்குற?"

மச்சினன் தலையை அசைக்காமல் வாயை மட்டும் அசைத்தான்.

"உங்க சோபாவ மாமா."

எட்டுக்கண்ணர் எழுந்து கூடத்துக்கு வந்தார். சோபாவைப் பார்த்தார். அதை அவர் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. மெத்தையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அவர் அளவுக்கு, அவர் வடிவத்துக்கு, அவரே எழுந்துபோக மறந்துவிட்டதுபோல. மச்சினன் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றான். அவன் நின்ற இடத்திலிருந்து பள்ளத்துக்குக் கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

அரைநாள் லீவு இன்னும் மிச்சமிருந்தும், கடைக்கு நேரமாச்சு என்று அவன் கிளம்பிவிட்டான். நல்ல பையன்.

எட்டுக்கண்ணர் போனை அந்தப் பள்ளத்தில் வைத்துவிட்டுப் புறப்பட்டார். பஸ்ஸில் இரண்டு முறை சட்டைப்பையைத் தடவினார். பெரியக்கா வீட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே யார் வருகிறார்கள் என்று பார்க்க வழியில்லை; கதவு வெறும் கதவாக இருந்தது. மேலே எங்காவது ஒன்று மாட்டியிருக்குமோ என்று உச்சந்தலை முடியை மட்டும் ஒதுக்கி விட்டுக்கொண்டு மணியை அடித்தார்.

திறந்தது வீட்டம்மாதான்.

"என்ன கேட்டேன்?"

எட்டுக்கண்ணர் வாத்தியாரை நினைத்தார், கேமராக்காரரை நினைத்தார், கடைவாய்ப் பல்லை நினைத்தார்.

"தெரியல" என்றார். "நான் அங்கதான் இருந்தேன். காதுல விழல."

"அங்கதான் இருந்தீங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"கேமராலதான் பாத்தோம்."

வீட்டம்மா சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தார். உள்ளே பெரியக்கா சிரித்துவிட்டார். அப்புறம் இவரால் அடக்க முடியவில்லை. கேட்ட கேள்விக்கு அது விடையில்லைதான். ஆனாலும் அடுத்த பஸ்ஸில் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கூடத்துக் கேமரா மறுநாளே இறங்கியது. கேமராக்காரர் சுவரில் இருந்த ஓட்டையை அடைக்கட்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார் வீட்டம்மா. மற்ற ஏழும் இன்னும் இருக்கின்றன. இப்போதும் மணியடித்தால் எட்டுக்கண்ணரின் கை முதலில் சட்டைப்பைக்குத்தான் போகிறது. பாதி வழியில் யாரோ செருமுவது கேட்டு, தாழ்ப்பாளுக்குத் திரும்புகிறது.

வீட்டம்மா அன்றைக்கு அப்படி என்னதான் கேட்டார்? வெகுநாள் கழித்து, பெரியக்கா மூலமாக மச்சினனுக்கு வந்து, மருந்துக்கடைப் படியில் கசிந்துதான் இது வெளியே தெரிந்தது. அவர் கேட்டது ஒரே கேள்விதான், இரண்டு தடவை: "நீங்க அந்தப் போனைக் கீழ வைக்கிறீங்களா, இல்ல நான் எங்க அக்கா வீட்டுக்குப் போகட்டுமா?"

எட்டுக்கண்ணர் பதில் சொல்லாமல் இல்லை. இரண்டு தடவையும் சொல்லியிருக்கிறார். "ம்" என்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் கேமரா இல்லை, சரி. ஆனால் இதைப் படித்துக்கொண்டே வந்தீர்களே, அந்தப் பல் மருத்துவர் வந்த இடத்தில், பக்கத்தில் நின்று யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்கள் தலையை நிமிர்த்தாமல் "ம்" என்றீர்கள்.

எதற்குச் சம்மதித்திருக்கிறீர்கள் என்று எழுந்துபோய்ப் பாருங்கள். வாசலில் பை இருக்கிறதா என்று முதலில்.